கஜனியிடம் சொல்ல வேண்டியது

கட்டுகஸ்தோட்டை
புதன்கிழமை

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

கதிர்காமத்தான் துணையால் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை மட்டும்தான் உன் மேடம் உன் கையில் போனைக் கொடுக்கிறா. அந்த நேரம் பார்த்து கஜனி என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். நம் தோட்டத்து மேல் லய வீட்டுத் தர்ஷிகா லீவு முடிந்து நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புகிறாள். உன் தெருவில்தானே அவளுக்கும் வேலை, உன் கையிலேயே தந்துவிடுவதாகச் சொன்னாள். தனியாக இருக்கும்போது வாசி.

போன வெள்ளிக்கிழமை நீ என்னை ஏசினாய். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளையை மேடையில் ஏற்றி வேடிக்கை காட்டினீங்களா, நீங்கள்லாம் ஒரு அப்பனா என்று கேட்டாய். பிள்ளை பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டு ஏசு.

முதல் தடவை மருந்து ஏற்றி முடிந்து, முடி வளர்ந்து, அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போனது உனக்குத் தெரியும். மாசியில் காலெல்லாம் மறுபடி நீலம் நீலமாகக் கன்றிப்போனது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தப் புற்றுநோய் திரும்பியிருக்கிறது, இந்தியாவுக்குப் போய் எலும்பு மச்சை மாற்றினால்தான் வழி என்றார்கள். நாங்கள் கஜனியிடம் பழையபடி இரத்தம் குறைவு என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நீயும் அதைத்தானே சொன்னாய்.

அப்போதுதான் சுதேஷ் வந்தான். நாவலப்பிட்டி டவுனில் போன் கடை வைத்திருக்கிறானே, இளைஞர் சங்கத் தலைவன், அவன்தான். நான் போய்க் கேட்கவில்லை, அவனாகத்தான் வந்தான். அண்ணே, நீங்க பிள்ளையைப் பாருங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம் என்றான். அவன் மேல் பழி சொல்ல எனக்கு வாய் வராது. கஜனிக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் தன் கடையைப் பூட்டிவிட்டு இரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்தவன் அவன். தோட்டத்துச் சனம் ஒரு நாள் சம்பளத்தைத் தந்தது. புத்த விகாரையிலிருந்து ஹாமுதுரு காசோடு ஆள் அனுப்பினார். பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து துண்டு விரித்தார்கள். நம்மை யாரென்றே தெரியாத சனம், பிரேமிளா.

மருந்துக்கு நடுவில் பிள்ளையை ஒரு கிழமை முழுக்க வீட்டில் இருக்க விட்டார்கள். செருப்பு அறுந்துவிட்டது என்றாள். டவுனுக்குக் கூட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கும்போது ஓர் ஆட்டோ ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தது. பின்னால் பெரிய பேனர். அதில் மொட்டைத் தலையோடு நம் கஜனி. ஸ்பீக்கரில் ஒரு பொம்பிளை அழுகைக் குரலில் பேசுகிறாள். புற்றுநோயால் மரணத்தின் வாசலில் நிற்கும் இந்தக் குழந்தையைப் பாருங்கள், உதவாவிட்டால் சில மாதங்களில் இந்தப் பூ உதிர்ந்துவிடும் என்கிறாள். பெயர், வயது, தோட்டம், எல்லாம் சொல்கிறாள். நான் பிள்ளையின் காதைப் பொத்தவா, கையைப் பிடித்து இழுக்கவா என்று தெரியாமல் நின்றேன். அவள் அந்தப் பேனரைக் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். எல்லாரும் அவளையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓர் அம்மா வந்து அவள் கையில் பிஸ்கட் பக்கெட்டைத் திணித்துவிட்டு அழுதுகொண்டே போனா.

பஸ்ஸில் ஏறினோம். பிறகு, அப்பா, அந்த அக்கா சொன்னது நிசமா என்று கேட்டாள். சும்மா சனம் உதவணும் என்று அப்படிச் சொல்கிறார்கள் அம்மா என்றேன். அப்ப அவங்க பொய் சொல்றாங்களா, பொய் சொல்லியா காசு வாங்குறாங்க என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று அடுத்ததாகக் கேட்டாள்.

லயத்து வீடுகளிலும் அந்தக் கிழமை அவளுக்கு நல்லதாக இருக்கவில்லை. அவளோடு விளையாடின பிள்ளைகளே வாசலுக்கு வந்து, நீ செத்துருவியாமே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஒதுக்கி நிறுத்தினார்கள். அவளுக்குக் கோழி ரோல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடையில் நின்ற ஒருவன், ஊரு காசுல நல்லாத்தான் சாப்பிடுறாங்க என்று என் காதில் விழும்படி சொன்னான். அவள் காதிலும் விழுந்தது. பாதியைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி வைத்தாள். பிறகு நான் எது வாங்கிக் கொடுத்தாலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள்.

இனி அந்த மேடை. சேர்ந்த காசை ஒப்படைக்க மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். காலையிலேயே அவளுக்கு உடம்பு சுட்டது. சுதேஷிடம் சொன்னேன். அவனுக்கும் முகம் வாடிப்போனது. ஆனாலும், அண்ணே, தந்த சனம் வந்து உட்கார்ந்திருக்கு, பிள்ளையைக் காட்டாம எப்படி அண்ணே என்றான். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் தந்ததை வாங்குகிறவன் நான். பிரதம விருந்தினர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் பிள்ளை முகக்கவசத்தோடு கதிரையில் சாய்ந்து கிடந்தாள். அவர் சால்வையைப் போர்த்தி, படத்துக்குச் சிரிக்கச் சொன்னார். கஜனி அந்தச் சால்வையிலேயே வாந்தி எடுத்தாள். பத்துப் போன் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீ பார்த்தது அதைத்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் பிரேமிளா. எல்லாரும் தந்தாங்க, நான் அசிங்கப்படுத்திட்டேன் என்று.

அன்று ஏறின காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம். அந்த வாட்டில் இரவில் ஆம்பிளைகள் தங்க முடியாது. நான் இங்கே கட்டுகஸ்தோட்டையில், நோயாளிகளின் ஆட்களுக்கென்று பள்ளிவாசல் பெண்கள் நடத்துகிற வீட்டில் தங்கி, விடிந்ததும் பஸ் ஏறிப் போகிறேன். இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற ரபீகா அக்காதான் பிள்ளையோடு வாட்டில் தங்குகிறா. அவவை நான் கேட்கவில்லை. தாயில்லாம புள்ள எப்படித் தனியக் கிடக்கும் தம்பி என்று பாயை எடுத்துக்கொண்டு அவவே கிளம்பினா.

போன வாரம் திங்கட்கிழமை டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடையில் பேசுகிற அளவுக்குத்தான் தெரிந்த என் சிங்களம் போதாது என்று ரபீகா அக்காவும் வந்தா. டொக்டர் பேசப் பேச அக்கா சொல்லிக்கொண்டு வந்தா. நடுவில் அவவால் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. டொக்டர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து இனி கேட்காதாம். இந்தியாவுக்குக் கொண்டுபோகிற நிலையில் பிள்ளை இல்லையாம். நோவு தெரியாமல் இருக்க மருந்து தருவார்களாம். தாயை வரச் சொல்லுங்கள் என்று கடைசியாகச் சொன்னார். அது மட்டும் எனக்கு நேராகவே விளங்கியது.

அடுத்த நாளே சுதேஷ் வாட்டுக்கு வந்தான். யார் சொன்னார்களோ, தெரிந்துகொண்டுதான் வந்தான். கம்பளையில் இன்னொரு பிள்ளைக்கும் இதே வியாதி, இந்தியாவுக்கென்று பேங்கில் போட்டிருக்கிற காசை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று சங்கக் கமிட்டியில் கேட்கிறார்கள் என்றான். நம் பிள்ளை உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுங்க தம்பி என்றேன். அது நியாயம்தான், அந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும். ஆனால் அவன் போன பிறகு சுவரில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. நேற்று உடுப்பு எடுக்க ஊருக்குப் போனேன். அதே ஆட்டோ, அதே குரல், பெயர் மட்டும் வேறு. பேனரில் கம்பளைப் பிள்ளையின் படத்தை நம் கஜனியின் முகத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள்.

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். உனக்கு டிக்கட் போட ரபீகா அக்காவும் மற்றப் பெண்களும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததையும் இதோடு வைத்திருக்கிறேன். தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு போய் மேடத்துக்குக் காட்டு. உன் பாஸ்போட்டைத் தரச் சொல். காலில் விழ வேண்டி வந்தாலும் விழு.

ஆனால் ஒன்று. அம்மாவை வரச் சொல்லவா என்று நான் கஜனியிடம் கேட்டேன். வேணாம் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் மடவளை ஊர்ப் பிள்ளை ஒன்று இருந்தது, பர்ஹானா என்று, கஜனிக்கு நல்ல சிநேகிதி. அந்தப் பிள்ளையின் வாப்பா கட்டார் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த மறுநாள் அது போய்விட்டது. அப்பா, அம்மா வந்தா நான் சாகப் போறேன்னு அர்த்தம், அம்மா வர வேணாம் என்கிறாள். வெள்ளிக்கிழமை நீ பேசி முடித்ததும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடப்பதும் இவள்தான்.

அதனால் திரும்பிப் போகிற டிக்கட்டோடு சேர்த்தே போடச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பாள், எடுத்துக் காட்டு. மேடம் குடும்பத்தோடு எங்கேயோ போகிறா, அதனால் கொஞ்ச நாள் லீவு என்று சொல். வந்தவுடன் கட்டிப்பிடித்து அழுதுவிடாதே. அவளைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது, முகத்தில் காட்டாதே. சாப்பிடாததற்கு எப்போதும் போல் ஏசு. எத்தனை நாள் இருப்பீங்க என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று சொல். இன்னும் ஒரு நாள் இருங்கம்மா என்று கெஞ்சுவாள். மேடம் விடமாட்டா என்று சொல். கெஞ்சட்டும் பிரேமிளா. நீ போகப் போகிறவள் என்று நம்பினால்தான் அவள் பயமில்லாமல் உன் பக்கத்தில் படுப்பாள்.

முருகன் உன்னைப் பத்திரமாக, சுணங்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
சதீஸ்குமார்