பிரிக்காத தையல்

அன்புள்ள தம்பி ஊசிக்கு,

மூட்டை அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அன்று போனில், "போதும்க்கா, நீ ஓட வேணாம், விட்டுரு" என்றாய். பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதே. எழுதும்போது அழுதால் உனக்குக் கேட்காது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. உன் மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடிப்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தாள். உன் மாமாவுக்குப் பல்வலி போய்விட்டது, கூடவே பல்லும் போய்விட்டது.

இனி என் கூத்து. என் கிட்னி உனக்குப் பொருந்துகிறது, ஆனால் எடை குறைந்தால்தான் எடுக்க முடியும் என்று டாக்டர் சொன்னபோது எப்படிச் சிரித்தேன், நினைவிருக்கிறதா? ஊரார் துணியையெல்லாம் பிடித்துத் தைத்துச் சின்னதாக்குகிறவளுக்குத் தன் உடம்பைச் சின்னதாக்கத் தெரியாதா என்று வாய் கிழியப் பேசினேன். வீட்டுக்கு வந்த வேகத்தில் என் சட்டைகளையெல்லாம் தையல் மெஷினில் போட்டுச் சின்னதாக்கினேன். மனசு மாறிவிடக் கூடாதென்று, பின்னால் பிரித்துப் பெரிதாக்க உதவும் என்று உள்ளே மடித்து விடுகிற துணியையும் வெட்டி எறிந்தேன். வாடிக்கையாளர் காலில் விழுந்து கேட்டாலும் செய்யாத வேலை அது. இப்போது பிரித்துவிட வழியில்லை. உன் மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போகிறேன். நான் ஓடுவேன், கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் நடந்தே என்னை முந்திப் போவார். முதலில் சிரிப்பாக இருந்தது. எடையும் மளமளவென்று இறங்கியது. பிறகு என்ன ஆனதோ, அப்படியே நின்றுவிட்டது. சோற்றைக் குறைத்தேன், இரவுச் சாப்பாட்டையே விட்டேன், அசையவில்லை. இப்போது முழங்கால் வேறு வீங்கிவிட்டது. போன வாரம் போனபோது டாக்டர் அதட்டவில்லை. "பாத்துக்கலாம்மா, உங்க உடம்பக் கெடுத்துக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஷூவுக்குக் கயிறு கட்டக் குனியும்போதே இது ஆகாத காரியம் என்று தெரிகிறது. ஆனாலும் போகிறேன். ஓடுவது என்று பேர், காலை இழுத்துக்கொண்டு சுற்றி வருகிறேன்.

நீ இரண்டு முறையாக டயாலிசிஸுக்குப் போகவில்லை என்று உன் மனைவி சொல்லி அழுதாள். அவளைத் திட்டாதே. "நான் இருக்கிற வரைக்கும் அக்கா ஓடிட்டுதான் இருக்கும்" என்று சொன்னாயாமே. என்ன பேச்சுடா அது? என் முழங்காலைக் காப்பாற்ற உன்னைக் கொடுப்பாயா?

ஒரு சட்டை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு வரும் அன்று போட்டுக்கொள்ள என்று சின்னதாக்கியது. அதில் மட்டும் உள்ளே மடித்த துணியை வெட்டவில்லை, நல்ல துணியாயிற்றே என்று கை வரவில்லை. "அதையாவது பிரிச்சுப் போட்டுக்கோயேன், என் சட்டையில எத்தனை நாள் சுத்துவ" என்கிறார் உன் மாமா. நான் பிரிக்க மாட்டேன். போட்டுப் பார்க்கவும் மாட்டேன், பயமாக இருக்கிறது.

அடுத்த முறை டயாலிசிஸுக்குக் கட்டாயம் போ. அங்கே குளிரும் என்பாயே, கனமான போர்வையை எடுத்துக்கொள். போய் வந்ததும், வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்.

நன்றாக இரு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இப்போது எனக்கு இல்லை. இருடா. சும்மா இரு, அது போதும்.

உன்
மூட்டை அக்கா