கஞ்சி போகாத துணி

ராஜபாளையம்
8-9-2025

அன்பு மகள் பாண்டிசெல்விக்கு உன் சித்தப்பா தனுஷ்கோடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி பரிபூரணமும் ஆண்டாள் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். நீ மஸ்கட்டில் நல்லபடியாக இருக்கிறாய் என்பதை, உன் சித்தி போன் பேசி முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நான் போனை வாங்கினால் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஆறு வருஷமாக உன் வீட்டில் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்துதானே என்று நினைக்காதே, தெருவில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் மனு எழுதிக் கொடுப்பது நான்தான். போன மாதம் நான் எழுதிய மனுவைப் பார்த்துவிட்டு, இதை எழுதியது எந்த வக்கீல் என்று தாலுகா ஆபீசில் கேட்டார்களாம்.

உன் சித்திக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், மாடியில் காயும் துணியை இப்போது நான்தான் எடுக்கிறேன். மேற்கே மலையில் இரண்டு நாளாக மூட்டம், மழையைக் காணோம், புழுக்கம் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. சத்திரப்பட்டித் தறியை விட்டு நான் நின்று ஒன்றரை வருஷமாகியும் தறி மக்கர் செய்தால் எனக்குத்தான் போன் வருகிறது. நான் தறிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தறி ஓட ஆரம்பித்துவிடும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வது வேறு யாருமில்லை, நீங்கள்தான் என்று உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். சரி, அதை விடு.

போன செவ்வாய்க்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேண்டேஜ் துணி விற்கிற கடையில் ஹெப்சிபாவைப் பார்த்தேன். உனக்குச் சின்ன வயதிலிருந்து மேக்கப் போட்ட அதே ஹெப்சிபாதான். துணியை விரித்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது ஊறுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக நான் அவளைக் கண்டால் எதிர் வரிசைக்கு மாறிப் போய்விடுகிறவன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய், என்ன புதுசாக ஆஸ்பத்திரி வைக்கப்போகிறாயா என்று கேலியாகக் கேட்டுவிட்டேன். அவள் நிமிரக்கூட இல்லை. உங்க மகளுக்குத்தான் அண்ணாச்சி என்றாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி அங்கே கடற்கரைப் பக்கம் திறந்தவெளி மேடையில் நீ தனியாக இரண்டு மணி நேரம் ஆடப்போகிறாய், அக்குளுக்கும் முதுகுக்கும் வைக்கச் சின்னச் சின்னத் திண்டு மாதிரித் தைத்து அனுப்பக் கேட்டிருக்கிறாய் என்றாள். பிறகு, “உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னா. நான் பொய் சொல்லிப் பழகல, கேட்டீங்க, சொல்லிட்டேன்” என்றாள்.

முப்பத்து நாலு வருஷம் தறியில் பேண்டேஜ் துணி ஓட்டியவன் நான். என் மகளுக்கு வேர்வை துடைக்க என் ஊர்த் துணி இன்னொருத்தி கைவழியாகத்தான் போக வேண்டுமா என்று அன்றைக்கு முழுவதும் புலம்பிக்கொண்டே இருந்தேன். சித்தியிடம் கத்தினேன், உனக்கும் தெரியும்தானே என்றேன், தெரியும் என்றாள். அந்த வீம்பில்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன், உன்னைத் திட்டி எழுத. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டுகிற ஒவ்வொரு வரியும் சுற்றிச் சுற்றி ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ ஆடிய அந்த ஆடிப்பூரத்துக்கே வந்து நின்றது. அதனால் அதையே எழுதுகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும், மீதி நேரம் நீ மேடையில் விழுந்து கிடந்தாய்.

உனக்குப் பத்து வயதிலிருந்தே வேர்வை அதிகம். பரீட்சைத் தாள் நனைந்து மை பரவி மார்க் போகும். மற்ற பிள்ளைகளுக்கு உள்ளங்காலில் பூசிய சிவப்பு மருதாணிச் சாயம் ஆட்டம் முடியும்வரை நிற்கும், உனக்கு முதல் உருப்படியிலேயே மேடையெல்லாம் சிவப்புத் தடம். கண் மை வழிந்து கண்ணுக்குள் போய், எரிகிற கண்ணோடு சிரித்துக்கொண்டே ஆடுவாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குத் தனி மேடை என்று முடிவானதும் ஜயலக்ஷ்மி டீச்சர், உள்ளே ஏதாவது பருத்தித் துணி கொடுத்தால் தேவலை என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் தறியில் ஓடிய துணியிலே என் மகளுக்குக் கவசம் மாதிரிச் சுற்றிவிடுகிறேன், ஒரு பொட்டு வேர்வை வெளியே வராது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். சேத்தூர்வரைக்கும் சொன்னேன்.

ஆடி நோன்புக்கு வெளுக்கிற பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். கடையில் வெளுத்த துணி ஆயிரம் கெஜம் கிடந்தது. அதை வாங்கிச் சுற்றியிருந்தால் நீ இன்றைக்கு என் பக்கத்தில் இருப்பாய். ஆனால் அது என் தறித் துணி இல்லையே, சொன்ன சொல் என்னாவது. தறியிலிருந்து அப்படியே அறுத்த துணியைக் கொண்டுவந்தேன், கொதிக்கவைக்காத, வெளுக்காத, பாவு நூலில் போட்ட கஞ்சி அப்படியே இருக்கிற துணி. அதில் தண்ணீர் விட்டால் சேம்பு இலையில் விட்ட மாதிரி உருண்டு ஓடும். இது தறியில் முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும் மகளே. தெரிந்தேதான் சுற்றினேன், ஒன்பது சுற்று. அதற்குமேல் ரவிக்கை, அதற்குமேல் பட்டு, அதற்குமேல் ஒட்டியாணம்.

ஹெப்சிபா அப்போதே சொன்னாள், “அண்ணாச்சி இது கஞ்சித் துணி, தண்ணி குடிக்காது, பிள்ளைக்குச் சுத்தாதீங்க” என்று. ஏட்டி, துணியைப் பற்றி எனக்கே பாடமா, நீ உன் பவுடரைப் பார் என்றேன். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தால்தானே வேர்க்கும், உடுப்பைக் கட்டின பிறகு பாத்ரூம் போக முடியாது என்று சொல்லி அதையும் தட்டிவிட்டேன். காலையிலிருந்து உனக்கு நான் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்திருந்தேன்.

வர்ணத்தில் பாதிக்குமேல் நீ சாய்ந்தாய். உன்னைப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சீலையைத் தளர்த்தி, கத்திரிக்கோல் வைத்து அந்தத் துணியை வெட்டி எடுத்தவள் ஹெப்சிபாதான். கஞ்சி கரைந்து பசையாகி உடம்போடு ஒட்டியிருந்தது, உரித்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது. வெளியே கூட்டம் என்னாச்சு என்னாச்சு என்றது. நான் வாசலுக்கு வந்தேன். வந்து, மேக்கப் பெட்டியோடு நின்றவளைக் கைகாட்டி, கெட்டுப்போன சாமானைப் பிள்ளை முகத்தில் பூசிவிட்டாள், தோலெல்லாம் வெந்துவிட்டது என்று சொன்னேன். அந்த நேரம் நீ கண் முழித்திருந்தாய். கதவு வழியாக என்னைப் பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். பார்த்தும் சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை இடத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல வளர்ந்தது. டீக்கடையில் அது விஷமானது, வத்திராயிருப்புக் கல்யாண வீட்டில், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக ஆனது. டாக்டர் கேட்டது ஒன்றுதான், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள் என்று. ஒரே வருஷத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக்கூட ஹெப்சிபாவைக் கூப்பிட ஆளில்லை. இப்போது ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வாயைத் திறக்கவில்லை. வளர்த்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று நினைத்திருப்பாய். அண்ணனும் மதினியும் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தேன் என்று நான் ஊரெல்லாம் சொன்னதுதான் உன் வாயை அடைத்தது. நாலு மாதத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் போனாய் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அவள் முகத்திலும் விழிக்க முடியாமல்தான் போனாயோ என்று இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், என்ன விஷயம் என்று மட்டும் கேட்கவில்லை. நான் தப்புதான் என்றேன். தைத்துக்கொண்டிருந்த திண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தெரியும் அண்ணாச்சி என்றாள். அவ்வளவுதான். அழுது தொலைத்திருந்தால், இல்லை நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மறுபடி அப்படி ஆகாமல் பிள்ளை எப்படி ஆட வேண்டும் என்றாவது எனக்குச் சொல் என்றேன். உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். இருந்தாலும் நான் கேட்டதை எழுதுகிறேன். இதில் என் சரக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் அவள் சொன்னது.

முதல் நாளிலிருந்தே தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டுமாம், ஆடுகிற அன்றைக்கு உப்பும் எலுமிச்சையும் சேர்த்து. வேர்வைக்குப் பயந்து தண்ணீரை நிறுத்தக் கூடாது, வேர்த்தால்தான் உடம்பு குளிரும், நாம் பார்க்க வேண்டியது அது கண்ணுக்கும் காலுக்கும் வராமல் இருப்பதைத்தான் என்றாள். மேக்கப்புக்கு முன்னால் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி முகத்திலும் கழுத்திலும் செத்த நேரம் ஒற்றி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, அது படிந்த பிறகு பவுடரைத் தேய்க்காமல் அமுக்கி வைத்து, அதற்குமேல் இன்னொரு மெல்லிசுப் பூச்சு. தடிமனாகப் பூசினால் அப்படியே பாளம் பாளமாக வழியும். நடுவில் வேர்த்தால் துடைக்காதே, ஒற்றி எடு. நகையும் பட்டும் கடைசியில் கட்டு, மூன்று மணி நேரம் முன்னாலேயே கட்டிக்கொண்டு உட்காராதே. உள்ளே பலமுறை துவைத்த பழைய பருத்தி பனியன் போதும். உருப்படிக்கு உருப்படி திண்டை மாற்று. காலுக்குப் பவுடர் போடாதே, வழுக்கும். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பூச மருந்து இருக்கிறதாம், அங்கேயே தோல் டாக்டரிடம் காட்டு, வெட்கப்படாதே. தலை சுற்றினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடு, யார் என்ன சொன்னாலும் சரி.

சனிக்கிழமை ஜயலக்ஷ்மி டீச்சரின் வகுப்புக்குப் போனேன். சரஸ்வதி பூஜைக்கு நாற்பது பிள்ளைகள் ஆடுகிறார்கள், மேக்கப்புக்கு யார் என்று இந்த மாதம் இருபதாம் தேதி முடிவு செய்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்திருந்த அம்மாமார்கள் பதினொரு பேர் இருந்தார்கள், நான் எண்ணினேன், இதில் கூட்டல் இல்லை. எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன், கஞ்சித் துணி, தண்ணீர் கொடுக்காதது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க மனசு யாருக்கு வரும். அவளுக்குப் பொழைப்பு கிடைக்கணும்னு பழியை நீங்க தலையிலே போட்டுக்கறேளே” என்றார்கள். இல்லையம்மா, நிஜம் இதுதான் என்றேன். நான் அடித்துச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது. அண்ணாச்சி கதை சொன்னா நேரம் போறதே தெரியாது என்று ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சிரித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே பெண்கள்தான் என் பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். நான் வாசலுக்கு வந்தபோது ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன், திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை.

வருகிற வழியில் ஹெப்சிபாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்னைக்குப் பொய்ய நம்புனாங்க, இன்னைக்கு நெசத்த நம்பல. ரெண்டும் உங்க வாய்தான் அண்ணாச்சி.”

அதனால் மகளே, இதை இனி நான் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இதையும் என் கைங்கரியம் என்றுதான் சொல்வார்கள். துணி சுற்றியது உன் உடம்பில், தாகத்தில் கிடந்தது உன் நாக்கு, நீ சொன்னால்தான் நம்புவார்கள். நான் உன்னை வளர்த்த கடனை எல்லாம் இதோடு தீர்த்துவிட்டதாக வைத்துக்கொள். நீ எனக்குப் பேச வேண்டாம், எழுத வேண்டாம், பால் பொங்கட்டும்.

உனக்கு ஆண்டாள் துணையிருப்பாள், கால் வலுவோடும் கண் எரியாமலும் ஆடி, நல்ல பேர் எடுப்பாய். உன் சித்தி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். மறக்காதே, இந்த மாதம் இருபதாம் தேதிக்கு முன்னால் ஜயலக்ஷ்மி டீச்சருக்கு நீயே போன் செய். பேசும்போது என்னைக் காப்பாற்றிப் பேசாதே.

இப்படிக்கு
உன் சித்தப்பா
மு. தனுஷ்கோடி