குடிலுக்கு நேர்ந்த குளியல்

மதிப்பிற்குரிய அண்ணி,

நேரில் சொல்லத் துணிவின்றி எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். "குளிக்காம யாரும் குடில் பக்கம் வரக் கூடாது" என்று நேற்று தாங்கள் கண்டித்ததை என் மகள் சிரமேற்கொண்டுவிட்டாள். கிறிஸ்துமஸுக்காகத் தாங்கள் செய்த களிமண் பொம்மைகளை இன்று காலை தாங்கள் கோவிலுக்குச் சென்றிருந்தபோது வாளித் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டாள். நான் அலறியதும், "அத்தைதாம்மா சொன்னாங்க! குட்டி இயேசுவுக்குச் சளி பிடிக்கும்னு விட்டுட்டேன்" என்றாள். அதட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள், வீடே களைகட்டிவிட்டது.

குழந்தை இயேசு என் தலையணையில், அவளுடைய கம்பளிக் காலுறைக்குள் பத்திரமாக உறங்குகிறார். மதிய உணவு மேசைமேல் மூடியிருக்கிறது. பள்ளியிலிருந்து வந்ததும் அவளைத் திட்டாதீர்கள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

பி.கு. கரைந்துபோனவை: மூன்று அரசர்கள், ஓர் ஒட்டகம், இரண்டு ஆடுகள், சூசையப்பரின் தாடி.