உறைந்த குப்பிகள்

தம்பிக்கு,

நீ அனுப்பிய லில்லிப் பூக்கள் வந்தன. வாசலிலேயே விட்டேன், மின்னசோட்டா குளிர் அவற்றைப் பார்த்துக்கொண்டது.

நேற்றைய சட்டசபை விசாரணையில், மருந்துக் கம்பெனியின் ஆளாக நீ பேசியதை டிவியில் பார்த்தேன். "கனடா மருந்தை நம்பாதீங்க. என் அண்ணியே அதுக்குப் பலி" என்றாய். குரல்கூடத் தழுதழுத்தது. சின்ன வயதில் அடிக்குத் தப்பிக்க அழுவாயே, அதே குரல்.

கனடாவில் வாங்கும் இன்சுலினை என் மாரிட் எப்போதும் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள். எல்லையில் பறிமுதல் செய்வார்கள் என்று நீ போன மாதம் மிரட்டியதைக் கேட்டுப் பயந்துவிட்டாள். "ஸ்டெப்னிக்கு அடியில ஒளிச்சு வைக்கலாம். எங்க தாத்தா சாராயமே கடத்தினவரு" என்றாள். "மருந்து ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்ட அதிகாரியிடம், "இருமல் மிட்டாய் இருக்கு, வேணுமா?" என்று சிரித்தாள்.

பனிப்புயலால் வழியில் விடுதியில் தங்கினோம். டிக்கியில் கிடந்த மருந்து உறைந்து, வீடு சேர்வதற்குள் இளகியும் விட்டது. அப்படி இளகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். உடம்பில் வேலை செய்யாது. அவள் அதை நம்பிப் போட்டுக்கொண்டாள்.

மீதிக் குப்பிகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உன் கம்பெனியின் பெயர்தான். இங்கே அமெரிக்காவில் நீங்கள் விற்கும் அதே மருந்து, அங்கே பத்தில் ஒரு பங்கு விலை.

அடுத்த விசாரணைக்கு நானும் வருகிறேன். ஒரு குப்பியை உன் முன்னால் வைப்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி, லேபிளை நீயே வாசி.

இப்படிக்கு,
உன் அண்ணியின் கணவன்