கையெழுத்து அழகா இருக்கே

அக்கா,

நேற்று உங்கள் வீட்டுக்காரர் ஈப்போவுக்கு வந்திருந்தார். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வராததால் அவரே என்னைத் தேடி வந்துவிட்டார். அலுவலக வரவேற்பறையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "ஆடிட் தங்கச்சிகிட்ட குடுத்துருங்கன்னு சொல்லிட்டுப் போனா," என்றார். உள்ளே, அட்டையில் 555 என்று போட்ட உங்கள் சின்ன நோட்டு. பிரித்ததும் எண்ணெய் ஆலை வாசம் அடித்தது, செம்பனைப் பழம் ஆவியில் வேகும்போது வருமே, அந்தப் புளித்த வாசம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீட்டிங் என்று சொல்லியிருப்பேன். பொய்தான். உங்கள் படத்துக்கு முன்னால் நிற்க எனக்கு முகம் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன், ஆயர் தாவார் பக்கத்து ஆலைக்கு நான் உள்தணிக்கைக்கு வந்தபோது நீங்கள் அங்கே பதிவேடு எழுதும் கிராணி. தலைமை அலுவலகத்து ஆள் என்று எல்லாரும் என்னை மேடம் என்றார்கள். நீங்கள் மட்டும் முதல் தேநீரிலேயே தங்கச்சி என்றீர்கள். ஆலை மேலாளரோ எனக்கு முன்பே அண்ணன். ஈப்போவில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே நாள் திருவிழா உபயக்காரர்கள். தணிக்கை செய்யும் இடத்தில் உறவினர் எவரும் உண்டா என்று கேட்டு வருடா வருடம் ஒரு படிவம் வரும். 'இல்லை' என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆலைக்குள் நுழைந்ததும் அண்ணே, அக்கா என்று ஆரம்பித்துவிடுவேன்.

நீங்கள்தான் கிண்டலடித்தீர்கள். "அவர அண்ணேங்கிறீங்க, என்னைய அக்காங்கிறீங்க. நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா யாரு பக்கம் நிப்பீங்க லா?" நான் சிரித்தேன்.

பழம் அவிக்கும் அந்தப் பெரிய இரும்பு உருளையின் கதவில் ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. உள்ளே ஆவி அடங்கும்வரை கதவைத் திறக்க விடாது. அதைத் தினமும் காலையில் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் ஒரு நாள் விடாமல் 'சரி' என்றே இருந்தது. இவ்வளவு சரியாக எந்த இயந்திரமும் இருக்காதே என்று உங்களிடம் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இழுப்பறையிலிருந்து இந்த நோட்டை எடுத்தீர்கள்.

"ரெஜிஸ்டர்ல அவங்க சொல்றத எழுதுறேன். இதுல நான் பாக்குறத எழுதுறேன்."

பூட்டு வேலை செய்யாத நாள்கள், கம்பி கட்டிச் சமாளித்த நாள்கள், எல்லாம் தமிழில், ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை எழுத்தில் இருந்தன. "என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது தங்கச்சி. நாங்க இருக்கிறது மில்லு வீடு. மக இந்த வருசம் எஸ்பிஎம் பரீட்ச எழுதுறா," என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினேன். பிறகு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்தேன். ஆதாரம் வேண்டுமே!

வரைவு அறிக்கையை மேலாளரிடம் காட்டிவிட்டுத்தான் மேலே அனுப்புவோம். அலுவலகத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்பது விதி. நான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொடுத்தேன். அண்ணி வாழையிலை போட்டு நண்டுக் குழம்பு ஊற்றினார்கள். அண்ணன் நிதானமாகப் புரட்டினார்.

"இவ்ளோ பெருசா எழுதணுமா தங்கச்சி? மேல போனா எனக்குத்தான் சூசா, பெரிய தொல்ல. நாங்களே பாத்துக்கிறோம் லா."

கடைசிப் பக்கத்தில் உங்கள் நோட்டின் படம் இருந்தது. அந்த ஆலை அலுவலகத்தில் தமிழில் எழுதுகிற ஒரே கை உங்களுடையது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. பெயரை மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை.

"கையெழுத்து அழகா இருக்கே," என்றார்.

"ஆமாண்ணே," என்றேன்.

அந்த 'ஆமாண்ணே'வை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை, அக்கா. சொல்லி முடித்த மறுகணமே புரிந்துவிட்டது. அப்போதாவது எழுந்திருக்கலாம், உங்களைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கலாம். நான் மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன். வரைவை அவரிடமே விட்டுவிட்டு வந்து, 'பூட்டு வேலை செய்யவில்லை' என்றிருந்ததை 'பூட்டுப் பராமரிப்பை மேலும் மேம்படுத்தலாம்' என்று மாற்றி அனுப்பினேன். இயக்குநர் வாரியத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வாக்கியத்தைப் படித்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? அடுத்த மேலாளர் வந்துதான் பூட்டு மாறியது. அதுவரை யார் உடம்பும் வேகாமல் தப்பியது அவர்கள் நல்ல நேரம்.

இரண்டே வாரத்தில் உங்களை ஹுத்தான் மெலிந்தாங் ஆலைக்கு மாற்றினார்கள். மகளுக்குப் பரீட்சை வருடம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் போன் செய்தீர்கள். "துக்கார் பண்ணிட்டாங்க தங்கச்சி. மேனேஜர் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. லெட்டரோட அந்தப் போட்டோவையும் சேத்து டேபிள்ல வச்சிட்டுப் போயிட்டாரு." அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னீர்கள். "அடுத்த தடவ போட்டோ எடுக்காதீங்க. நீங்களே போய்ப் பாத்து, உங்க கையால எழுதிக்கிங்க. வச்சிடவா?" ஒரு திட்டு இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அதன் பிறகு ஹுத்தான் மெலிந்தாங் முறை வந்தபோதெல்லாம் என் குழுவில் வேறு யாரையாவது அனுப்பினேன். இப்போது நான் துறைத் தலைவி. தணிக்கையாளர் யார் பக்கமும் சாயாமல் நிற்பது எப்படி என்று புதியவர்களுக்கு வகுப்புக்கூட எடுக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நோட்டின் முதல் பாதி எனக்குத் தெரிந்த பக்கங்கள். திட்டு மறுபாதியில்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே புரட்டினேன். அங்கே புது ஆலை. கைப்பிடி உடைந்த ஏணி, காலாவதியான தீயணைப்பான், மறுபடியும் ஒரு பூட்டு என்று பதினொரு குறிப்புகள். அதே உருண்டை எழுத்து, கடைசி இரண்டில் மட்டும் கை நடுங்கியிருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

'தங்கச்சி வந்தா காட்டணும்.'

ஆறு வருடமாக நான் வருவேன் என்று இருந்திருக்கிறீர்கள், அக்கா. நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை பதினொன்றையும் என் நோட்டில் என் கையால் எழுதிக்கொண்டேன். உங்கள் நோட்டு என் அலமாரியைத் தாண்டி எங்கேயும் போகாது. திங்கட்கிழமை ஹுத்தான் மெலிந்தாங் போகிறேன். யார் வீட்டிலும் கை நனைக்காமலிருக்கச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன். யார் சொன்னது என்று அங்கே கேட்டால், நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டும்.