தம்பியிடம் நானே சொல்கிறேன்

அன்புள்ள அப்பாவுக்கு, கொரியாவிலிருந்து ரஞ்சனி எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போனில் பேசினால் தம்பி காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். கரியிலிருந்து நாங்கள் செய்த நுண்துகள்கள் சென்ற வாரம் தம்பி உடம்பில் பழுதாகியிருக்கும் மரபணுவின் பழுதில்லாத பிரதியைச் சுமந்துகொண்டு, லேபில் வளர்த்த தசைச் செல்களுக்குள் போய்விட்டன. துகள்கள் தாமே ஒளிர்வதால் மைக்ராஸ்கோப்பில் நீலமாகத் தெரிந்தன. சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டே நாளில் அத்தனை செல்களும் இறந்துவிட்டன. ஆய்வில் இது சகஜம்தான், கவலைப்படாதீர்கள்.

ஆனால் இது மருந்தாக வர எத்தனை வருடம் ஆகுமோ தெரியவில்லை. தம்பியின் தசைகள் அதுவரை தேயாமல் இருக்காது. "உன் மருந்து வரட்டும்க்கா, அதுவரைக்கும் சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடந்துக்கிறேன்" என்று போன மாதமும் சொன்னான். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்தான். டாக்டர் சொன்ன சக்கர நாற்காலியை இனியும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

பார்சல் அனுப்பினால் நார்த்தங்காய் ஊறுகாய் வையுங்கள். ஸ்ரீரங்கம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றும் வையுங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவனிடம் நானே சொல்கிறேன். அன்று மட்டும் நம் மன்னார்புரம் கடைக்குப் போகாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அப்பா.

லேபுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் ரஞ்சனி