காளையையும் பார்க்கணும்

1966 ஆவணி 9, வியாழன்

மத்தியானம் பிச்சாவரம் பக்கத்திலிருந்து ஒருவர் பசுவை ஓட்டிவந்தார். இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லையாம். மாட்டு டாக்டரான என் வீட்டுக்காரர் வாசலிலேயே ஹார்மோன் ஊசி போட்டார். அவர் கை கழுவ நான் சொம்பில் வெந்நீர் கொண்டுபோய் நின்றேன்.

"இதுக்கும் சினை நிக்கலன்னா வித்துடறேன் சார். மலட்டு மாட்ட வெச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"எப்பவும் பசுவையே குத்தம் சொல்லக்கூடாது. எந்தக் காளைகிட்ட சேத்தீங்க? மொதல்ல அதப் பாக்கணும்" என்றார் இவர்.

இவர் கையில் வெந்நீரை ஊற்றினேன். கலியாணமாகி ஏழு வருஷம். மாதாமாதம் சிதம்பரத்திலிருந்து கடலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவது நான் ஒருத்திதான். மாத்திரை, ஊசி எல்லாம் எனக்குத்தான். இவரை யாரும் வரச் சொன்னதில்லை. இவரும் வந்ததில்லை.

இவர் முகத்தையே பார்த்தேன். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினார். ராத்திரி சாப்பிடும்போதும் தலை நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கடலூர். நானும் வரேன் என்று இவர் சொன்னால் போதும். ஜன்னலோர சீட்டைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவேன்.